காவிய வீரன் யார்?

கோல சிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் ஒரு காலத்தில் இரப்பர் மரங்கள் அணிவகுத்து நின்றன. இன்று அங்கே செம்பனை நிற்கிறது. சில இடங்களில் செம்பனையும் போய்ச் செங்கல் வீடுகள் நிற்கின்றன. லயங்கள் இடிந்தன. பிரட்டுக் களத்தில் புல் மண்டிற்று. ஆயினும், தோட்டத்தின் கோடியில், ஒரு மரத்தடியில், கையில் அரிவாளும் முகத்தில் முறுக்கிய மீசையுமாக ஒருவன் இன்னும் நிற்கிறான். ஓரிடத்தில் அவன் பெயர் மதுரைவீரன், வேறோரிடத்தில் முனியாண்டி. துரையும் போனான், கிராணியும் போனான், கங்காணியும் போனான். வீரன் மட்டும் போகவில்லை.

அவனை வணங்குவது தகுமா தகாதா என்னும் வழக்கை இன்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதனினும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தபோது எத்தனையோ பெருந்தெய்வங்களை விட்டுவிட்டு இவனை ஏன் உடன் அழைத்து வந்தனர்? கதைப்படி அவன் தாழ்த்தப்பட்டோர் குடிசையில் வளர்ந்தவன்; அரச கட்டளையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டவன். வென்றவன் அல்லன், வெட்டுண்டவன். அவனையன்றோ நம்மவர் வீரன் என்றனர்! அப்படியானால் வீரன் என்பவன் யார்? எது ஒருவனை வீரனாக்குகிறது?

இக்கேள்வியைக் கேட்க வேண்டிய காலம் இது. சொல் மலிந்துவிட்டது. திரையிலே பத்துப் பேரைப் பறக்க விடுபவன் வீரன். மேடையிலே மேசையைக் குத்துபவன் வீரன். தோட்டம் கலைந்து நகரத்தோரத்து அடுக்கு வீடுகளில் ஒதுங்கிய நம் இளைஞர் சிலருக்கோ, பாராங்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பவனே வீரன். சொல் மலிந்தால் பொருள் கெடும்; பொருள் கெட்டால் வாழ்வு கெடும். பொன்னை உரைத்துப் பார்க்கக் கல் வேண்டும். வீரத்தை உரைத்துப் பார்க்க வேண்டின், அதனைப் பாடுவதையே பெருந்தொழிலாகக் கொண்ட பழைய கிரேக்கரிடம் சென்று, அவர்தம் கல்லை இரவல் வாங்கி வருவோம்.

கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ ஏழெட்டு நூற்றாண்டுகட்கு முன்னர், ஹோமர் என்னும் பெயரோடு வழங்கும் இரு பெருங்காவியங்கள் கிரேக்க மொழியில் உருப்பெற்றன. ஒன்று இலியத், திராய் நகரப் போரின் பத்தாம் ஆண்டில் நிகழ்ந்த சில வார நிகழ்ச்சிகளைப் பாடுவது. மற்றொன்று ஒதிசி, அப்போர் முடிந்தபின் ஒருவன் தன் வீடு சேரப் பட்ட பாட்டைக் கூறுவது. உலகம் இன்று வழங்கும் ‘ஹீரோ’ என்னும் சொல் அம்மொழியிற் பிறந்ததே. ஹெசியாத் என்னும் புலவர் மனித குலத்தின் ஐந்து ஊழிகளை வகுத்தபோது, நான்காவதை வீரர்களின் ஊழி என்றார். பிற்காலக் கிரேக்கர் தம் வீரர்களின் கல்லறைகளில் ஆடு பலியிட்டு, அதன் குருதியை மண்ணிற் சொரிந்து வணங்கினர். நம் தோட்டக் கோடியின் மரத்தடியைக் கண்டவர்க்கு அந்தக் காட்சி புதியதன்று.

அவ்வீரர்கள் குற்றமற்ற குணக்குன்றுகளோ எனின், இல்லை. அக்கிலீஸ் சினத்தால் கெட்டவன், ஒடிசியஸ் பொய்யில் கைதேர்ந்தவன், அகமெம்னன் பேராசைக்காரன். ஆகவே, குற்றமின்மை கிரேக்கக் காவிய வீரனின் இலக்கணம் அன்று. உடல் வலிமை மட்டுமே இலக்கணமோ எனின், அதுவும் அன்று. அக்கிலீசை வளர்த்த முதியவன் அவனுக்குக் கற்பித்தவை இரண்டு: சொல்லாற்றல் ஒன்று, செயலாற்றல் மற்றொன்று. அவையில் பேசத் தெரியாதவன், களத்தில் எத்துணைப் பேரை வீழ்த்தினும் அவர்களிடத்தே முழு வீரன் ஆகான்.

ஆயின் இலக்கணம் யாது? முதலாவது மானம். கிரேக்கர் அதனைத் ‘தீமே’ என்றனர். அச்சொல்லுக்கு ஒரு வியப்பான இயல்பு உண்டு. அதற்கு மரியாதை என்றும் பொருள். விலை என்றும் பொருள். தமிழில் நாம் ‘மதிப்பு’ என்கிறோமே, அதைப் போன்றது. பண்டத்தின் மதிப்பும் மனிதனின் மதிப்பும் ஒரே சொல்லிற் கிடக்கின்றன. உழைத்தவனுக்கு உரிய பங்கு குறைந்தால் அவன் பை மட்டும் குறைவதில்லை, அவனே குறைக்கப்படுகிறான். இதனை நன்கு நினைவிற் கொள்க. பின்னர் இதன் பயன் விளங்கும்.

இலியத்தின் முதற்சொல்லே சினம் என்பது. யாருடைய சினம்? எதனால் எழுந்த சினம்? பெருவேந்தன் அகமெம்னன், போரிற் கொள்ளையாகக் கிடைத்த ஒரு பெண்ணைத் திருப்பித் தர நேர்ந்தது. தன் பங்கு குறைந்ததைப் பொறாமல், அக்கிலீசின் பங்காகக் கொடுக்கப்பட்டிருந்த பிரிசேயிஸ் என்பாளை அவன் பறித்துக்கொண்டான். ஊரெல்லாம் போரிடுவது நான். கொள்ளையில் பெரும்பங்கு கொள்வது நீயோ என்று வெகுண்டான் அக்கிலீஸ். படைக்கலத்தைக் கீழே வைத்தான். வேலைநிறுத்தம் செய்தான் என்று நாம் சொன்னால் கிரேக்கப் புலவர் சினவார் என்று நம்புகிறேன்.

இரண்டாவது இலக்கணம், விலை தெரிந்து தேர்தல். அக்கிலீசின் முன் இரு வழிகள் இருந்தன. ஊர் திரும்பினால் நெடுநாள் வாழ்வு, ஆனால் பெயர் மறையும்; களத்தில் நின்றால் குறுகிய வாழ்வு, ஆனால் புகழ் மறையாது. தாய் சொல்லி இதனை அவன் அறிவான். அறிந்தே பின்னர்க் களம் புகுந்தான். தெரியாமல் இறப்பவன் இரக்கத்துக்குரியவன். தெரிந்து நிற்பவன் வீரன். எதிரணியிலே திராய் நகரத்து ஹெக்டரும் அப்படியே. மனைவி தடுத்தாள், கைக்குழந்தை தந்தையின் தலைச்சீராவைக் கண்டு மிரண்டது, நகரம் ஒருநாள் வீழும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆயினும், ஊரார் முகத்தில் விழிக்க வேண்டுமே என்னும் நாணம் அவனைக் களத்துக்கு அனுப்பிற்று.

மூன்றாவது, ஒடிசியசின் பொறை. பத்தாண்டு போரிலும் பத்தாண்டு கடலிலும் கழித்து, தோழர் அனைவரையும் இழந்து, பிச்சைக்காரன் கோலத்தில் தன் வாயிலில் வந்து நின்று, தன் வீட்டிலேயே வசை கேட்டும் அடி பட்டும் வாய் மூடி இருந்தானே, அதுவும் வீரம் என்றது கிரேக்க இலக்கியம். கடல் கடந்தவர் நாம். மீண்டு போவோம் என்று எண்ணி நாகப்பட்டினத்துக் கரையில் கப்பலேறி, மீளாமலே இந்த மண்ணில் புதைந்த தலைமுறையின் பேரர் நாம். இந்த இலக்கணத்தின் எடை நமக்குத் தெரியும்.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அதுவே எனக்கு மிகவும் பிடித்தது. இலியத்தின் பன்னிரண்டாம் படலத்தில், லிக்கியா நாட்டு மன்னன் சர்பேதன் தன் தோழனிடம் ஒரு கணக்குக் கேட்கிறான். நம் நாட்டில் நமக்கு ஏன் முதலிருக்கை? ஏன் நல்ல இறைச்சியும் நிறைந்த கிண்ணமும்? ஏன் ஆற்றங்கரையில் விளைநிலம்? இவ்வளவும் பெற்ற நாம் படையின் முன்வரிசையில் நிற்கக் கடமைப்பட்டவர் அல்லமோ? அப்போதன்றோ, உண்டதற்கு ஈடு செய்தான் நம் அரசன் என்று ஊர் சொல்லும்? இதுதான் அவன் பேச்சின் சாரம். உயர்ந்த இருக்கை என்பது கடன். அபாயம் வரும்போது அதனை அடைக்க வேண்டும்.

இந்த உரைகல்லைக் கையில் எடுத்துக்கொண்டு நம் வட்டாரத்துக்குத் திரும்புவோம்.

தோட்டத்தில் முதலிருக்கை யாருடையது? குன்றின் மேலிருந்த பங்களா யாருடையது? துரையுடையது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர்; 1942 ஜனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் அவர்கள் கைக்கு வந்தது. இடையிலிருந்த ஐந்து வாரங்களில் என்ன நடந்தது? தொண்டர் படையிற் சேர்ந்து போரிட்டுச் சிறைப்பட்ட வெள்ளையரும் உண்டு. அதனை மறைப்பது நேர்மை ஆகாது. ஆயினும் தோட்டத்துரைமார் பலர் தெற்கு நோக்கி வண்டியேறினர். தொழிலாளர் லயத்திலேயே விடப்பட்டனர். அவ்வாறு விடப்பட்டவரிலிருந்து 1942, 1943 ஆண்டுகளில் பல்லாயிரவரை ஜப்பானியர் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு போயினர். 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையோரத்தில் மாண்ட தமிழர் பல்லாயிரவர். பால் வெட்டியவன் கட்டை சுமக்கப் போனான். பங்களாவின் முதலிருக்கை வெறுமையாய்க் கிடந்தது. சர்பேதன் கேட்ட கணக்கை இங்கே கேட்டால் விடை சொல்வார் யார்?

ஆனால், ஹோமரையும் நாம் விடாமல் விசாரிக்க வேண்டும். உரைகல்லையே உரைத்துப் பார்ப்பதன்றோ அறிவு?

இலியத்தின் இரண்டாம் படலத்தில் தெர்சிட்டீஸ் என்று ஒருவன் வருகிறான். அவனுடைய தந்தை பெயரைக் கூடப் புலவர் சொல்லவில்லை. வளைந்த கால், ஒரு கால் நொண்டி, கூனிய தோள், கூம்பிய தலை, அதில் நாலு மயிர். திராய்க்கு வந்தவரில் மிக அவலட்சணமானவன் அவனே என்கிறார். அவன் எழுந்து அகமெம்னனைக் கேட்கிறான்: உன் கூடாரம் வெண்கலத்தால் நிறைந்து கிடக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்? நாங்கள் பிடித்துத் தர, நீ வாரிக் கொள்வதோ? வாருங்கள், ஊர் திரும்புவோம்!

வாசகரே, இதே குற்றச்சாட்டைத்தானே முதற்படலத்தில் அக்கிலீஸ் சொன்னான்? அவன் சொன்னபோது அது காவியத்தின் கருவாயிற்று. தெர்சிட்டீஸ் சொன்னபோது என்ன ஆயிற்று? ஒடிசியஸ் செங்கோலால் அவன் முதுகில் ஓங்கி அடித்தான். முதுகு தடித்தது, கண்ணீர் உருண்டது, படை முழுவதும் சிரித்தது. உண்மை ஒன்றே. தேவதையின் மகன் சொன்னால் அது வீரச்சினம். பெயரில்லாதவன் சொன்னால் அது வாய்க்கொழுப்பு!

இங்கே காவியத்தின் குறை வெளிப்படுகிறது. மானம் என்பது மேலோர் சொத்து என்று அது நினைத்தது. நம் பழம்பாட்டிலும் அந்தச் சாயல் இல்லாமலில்லை. சோழன் சிறையில் தண்ணீர் கேட்டு, அது காலந்தாழ்த்து வந்தமையால் பருகாமல் உயிர்விட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையின் மானத்தைப் புறநானூறு போற்றி வைத்திருக்கிறது. அவன் அரசன். தாகத்தோடு வயலில் நின்ற அடிமைக்கு மானம் இருந்ததா என்று எத்தனை புலவர் கேட்டனர்?

அக்கேள்விக்கு விடையைப் புலவர் சொல்லவில்லை. சிலாங்கூர்த் தோட்டத்துத் தொழிலாளர் சொன்னார்கள்.

1941-ஆம் ஆண்டு, மார்ச்சு முதல் மே வரை, கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்றனர். பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்குச் சரியான கல்வி, நோய்க்குச் சரியான மருத்துவம் கேட்டனர். கள்ளுக்கடையை மூடு என்றனர். சங்கம் அமைக்கவும் கூடிப் பேசவும் உரிமை கேட்டனர். நம் பெண்களைத் துன்புறுத்துவது நிற்க வேண்டும் என்றனர். இவற்றோடு இன்னுமொன்று கேட்டனர்: துரைக்கும் கிராணிக்கும் எதிரே சைக்கிளைவிட்டு இறங்காமல் செல்ல உரிமை வேண்டும்.

சைக்கிள்! கோரிக்கைப் பட்டியலில் சைக்கிளா என்று அன்று பங்களாவில் சிரித்தவர் இருந்திருக்கலாம். தெர்சிட்டீசைக் கண்டு சிரித்த படையின் சிரிப்பு அது. ஒரு பெண்ணைப் பறித்ததற்காக அக்கிலீஸ் போரை நிறுத்தியதை இருபத்துநான்கு படலம் பாடிக் காவியம் என்பர். சாலையில் நிமிர்ந்து செல்ல விரும்பியவன் வேலையை நிறுத்தினால் அதனைச் சிறுபிள்ளைத்தனம் என்பர். மதிப்பு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? தொழிலாளர் இரண்டையும் ஒரே தாளில் எழுதினர். கூலியில் குறைத்ததும் அவனைத்தான். சைக்கிளிலிருந்து இறக்கியதும் அவனைத்தான். இரண்டும் ஒரே அவமதிப்பு. கிரேக்கப் புலவனுக்குத் தெரிந்த இவ்வுண்மை தோட்டக் கம்பெனிகளுக்குத் தெரியவில்லை.

என் பாட்டனார் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டமொன்றில் மரம் வெட்டியவர். நான் சிறுவனாயிருந்தபோது அவர் எழுபதைக் கடந்திருந்தார். நாடு விடுதலை பெற்று நெடுநாள் ஆகியிருந்தது. துரைமார் காலமும் மறைந்திருந்தது. ஆயினும், மண் சாலையில் எதிரே மோட்டார் வண்டி வரக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி, ஓரமாய் ஒதுங்கி, அது கடந்து போகும்வரை நிற்பார். வண்டியில் வருபவர் தபால்காரராயிருந்தாலும் அப்படித்தான். “ஏன் தாத்தா எறங்குறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “ஒடம்புக்குப் பழகிப் போச்சுய்யா, மனசுக்குத்தான் பழகல” என்றார். உடலுக்குப் பழகியும் உள்ளத்துக்குப் பழகாமல் ஒன்று மனிதனிடம் எஞ்சி நிற்கிறதே, அதன் பெயர்தான் மானம். அது அரசர்க்கு மட்டும் உரியதென்று சொன்னவர் யார்?

வேலைநிறுத்தத்தின் முடிவு யாது? 1941 மே மாதத் தொடக்கத்தில், அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் கைதானார், பின்னர் நாடு கடத்தப்பட்டார். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். மே 16-ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படையினர் வந்தனர், துப்பாக்கி பேசிற்று. தொழிலாளர் ஐவர் மாண்டனர். செங்கோல் முதுகில் விழுந்த காலம் போய்க் குண்டு மார்பில் பாயும் காலம் வந்திருந்தது. விலை இன்னதென்று அவர்களுக்குத் தெரியாமலில்லை. வேலை போகும், லயத்து அறை போகும், கப்பலேற்றி அனுப்பப்படலாம் என்பதெல்லாம் தெரிந்தே நின்றனர். தெரிந்து நிற்பவன் வீரன் என்பது கிரேக்க இலக்கணமாயின், அந்த இலக்கணத்திற்கு இவர்கள் எவ்வாற்றானும் குறைந்தவர் அல்லர்.

குறைந்தவர் அல்லர் என்பது மட்டுமன்று. ஓரிடத்தில் அக்கிலீசையும் விஞ்சி நின்றனர். பிரிசேயிசைப் பறித்ததற்காக அக்கிலீஸ் சினந்தான், மெய்தான். ஆனால், அவள் யார்? அவன் தானே வென்ற ஊரில், கணவனைக் கொன்று, கொள்ளைப் பொருளாய்க் கொண்டு வந்த பெண். ‘என் பரிசு போயிற்றே’ என்றுதான் அவன் கொதித்தான். ‘ஒரு பெண் எப்படிப் பரிசாவாள்?’ என்று அவன் கேட்கவில்லை. அகமெம்னனும் கேட்கவில்லை. அவையிலிருந்த எவரும் கேட்கவில்லை. அக்கேள்வியை, மூவாயிரம் ஆண்டுகட்குப் பின், எழுத்தறியாதார் பலர் கலந்த ஒரு கூட்டம், தன் கோரிக்கைத் தாளில் எழுதிற்று. பெண் எவனுக்கும் பங்கு அல்லள் என்றது. தன் மானத்துக்காகச் சினப்பது வீரத்தின் முதற்படி. பிறர் மானத்துக்காகச் சினப்பது அதனினும் மேற்படி. காவியம் நின்றுவிட்ட படியிலிருந்து தொழிலாளர் மேலே ஏறினர்.

ஹோமருக்கும் நீதி செய்ய வேண்டும். தெர்சிட்டீசைச் சிரித்து ஒதுக்கிய அதே கிரேக்க மரபு, ஒதிசியில் வேறு குரலில் பேசுகிறது. பாதாளத்தில் அக்கிலீசின் ஆவியைக் காண்கிறான் ஒடிசியஸ். இறந்தோர்க்கெல்லாம் அரசன் ஆனாயே என்று புகழ்கிறான். அக்கிலீஸ் அப்புகழை ஏற்கவில்லை. செத்தவர்க்கு மன்னனாயிருப்பதைவிட, உயிரோடு நிலமற்ற ஓர் ஏழையிடம் கூலியாளாயிருக்கவே விரும்புவேன் என்கிறான். புகழுக்காக உயிரைக் கொடுத்தவன், இறுதியில் கூலியாளின் உயிரைப் பார்த்து ஏங்குகிறான்! யூமேயஸ் என்னும் பன்றி மேய்க்கும் அடிமையையோ, புலவர் ‘நீ’ என்று நேரே விளித்துப் பாடுகிறார். அவன் மன்னன் மகனாய்ப் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கடல் வணிகரால் கடத்தி விற்கப்பட்டவன். பிச்சைக்காரன் கோலத்தில் வந்த தலைவனை அடையாளம் அறியாமலே வரவேற்று உணவளித்தவன் அவனே. அரண்மனையில் உண்டு கொழுத்த பிரபுக்களுக்கு இல்லாத பண்பு பன்றிக் கொட்டகையில் இருந்தது.

இனி, எல்லாவற்றிலும் கடினமான இலக்கணத்துக்கு வருவோம். பாராங்கத்தி ஏந்திய நம் இளைஞன் கேட்க வேண்டியது இதுவே.

அக்கிலீசின் சினம் நியாயமாகத் தொடங்கிற்று, நியாயமாகவே நிற்கவில்லை. அவன் ஒதுங்கியிருந்தமையால் தன் தோழர் பலர் மடிந்தனர். உயிர் நண்பன் பத்ரோக்ளஸ் ஹெக்டரின் கையால் மாண்டான். பின்னர் அக்கிலீஸ் ஹெக்டரைக் கொன்றான். கொன்றதோடு அமையாமல், பிணத்தைத் தேரிற் கட்டிப் புழுதியில் இழுத்தான். இங்கே அவனை வீரன் என்று புலவர் போற்றவில்லை. தேவர்களும் முகஞ்சுளித்தனர் என்கிறார். ஒருநாள் இரவு, ஹெக்டரின் முதிய தந்தை பிரையம், தனியனாய்ப் பகைவன் கூடாரத்துள் நுழைந்தான். தன் மக்களைக் கொன்ற கையைப் பற்றி முத்தமிட்டு, உன் தந்தையை நினைத்துப் பார் என்றான். அக்கிலீஸ் நினைத்தான். இருவரும் அழுதனர். பிணம் திரும்பிற்று, ஈமக்கடனுக்காகப் பதினொரு நாள் போர் ஓய்ந்தது. இலியத் வெற்றியோடு முடியவில்லை. பகைவன் ஒருவனின் ஈமச்சடங்கோடு முடிகிறது.

சினத்தோடு தொடங்கிய காவியம் இரக்கத்தோடு முடிந்தது ஏன்? எழும்பத் தெரிந்த சினம் அடங்கவும் தெரிய வேண்டும் என்பதற்காக. எதிரியின் முகத்தில் தன் தந்தையின் முகத்தைக் காணும் கண் திறவாதவரை, அக்கிலீஸ் கொலையாளி. திறந்த இரவில்தான் அவன் வீரன். கத்தி எடுத்துச் சந்து முனையில் நிற்கும் தம்பி, உன்னிடம் கேட்கிறேன். நீ வெட்டப் போகிறவனும் ஒரு லயத்துப் பிள்ளையின் பேரன் அல்லனா? உன் பாட்டனும் அவன் பாட்டனும் ஒரே பிரட்டில் நின்று பேர் கொடுத்தவர் அல்லரா? உன் சினத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. தோட்டம் போயிற்று, வீடு போயிற்று, தொழில் போயிற்று. சினம் வாராமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் அச்சினம் யார் மீது பாய்கிறது என்று பார். 1941-இல் உன் பாட்டன்மார் சினந்தபோது மேல்நோக்கிச் சினந்தனர், ஒன்றாய்ச் சினந்தனர், கேட்பது இன்னதென்று எழுதி வைத்துச் சினந்தனர். நீயோ பக்கத்து வீட்டுக்காரன் மீது சினக்கிறாய்.

கடைசியாக ஒன்று. கிரேக்க வீரன் புகழை விரும்பினான். புகழ் என்பது பெயர் அழியாமை. அதற்குப் பாடுவோர் வேண்டும். நம் தோட்டத்து வீரரைப் பாடியவர் யார்? பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் தென்னமரம் தோட்டம் என்று ஒன்று உண்டு. பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. இந்நாட்டில் வாணிபத்துக்காக முதன்முதல் செம்பனை பயிரிடப்பட்டது அங்கேதான், 1917-இல். அதனை நடத்திய பிரெஞ்சுத் துரை ஆன்றி ஃபோக்கோனியே, மலாயா வாழ்வை நாவலாக எழுதி, 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றார். கோல சிலாங்கூர் மண் பிரெஞ்சு இலக்கியத்தில் ஏறிற்று. ஆயினும் அந்நாவலின் நாயகர் தோட்டத்துரைமாரே. காட்டை வெட்டிக் கன்று நட்ட தமிழர் அல்லர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. துரை துரையைப் பாடினார். நம்மை நாம் பாடினோமா?

நம் முன்னோர்க்கு அந்தப் பழக்கம் இருந்தது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு சில நடுகற்கள் கிடைத்தன. தமிழ்-பிராமி எழுத்தில், ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையவை. அவற்றுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனுக்கு எடுத்தது. ஊர், பெயர், பூசல் என மூன்றையும் கல் சொல்கிறது. அவன் பேரரசன் அல்லன். காவியமும் அவனைப் பாடவில்லை. ஊருக்காக மாண்டவனின் பெயரை ஊரே கல்லில் வெட்டிற்று. மதுரைவீரனை மரத்தடியில் நட்ட மனமும் இதே மனத்தின் வழிவந்ததுதான்: வெட்டுண்டவனை மறவோம் என்னும் மனம். கல்லுக்குக் கோழி அறுப்பதைவிட, அந்த மனத்தை அறிந்து போற்றுவது நன்று.

காவிய வீரன் யார் என்று கேட்டுத் தொடங்கினோம். தன் மதிப்பும் பிறர் மதிப்பும் ஒன்றென்று அறிந்து சினப்பவன். அதற்குரிய விலையைத் தெரிந்து கொடுப்பவன். பெற்ற இருக்கைக்கு ஈடு செய்பவன். பொறுக்க வேண்டிய இடத்தில் பொறுப்பவன். பகைவனும் ஒரு தந்தையின் மகன் என்று உணர்ந்த கணத்தில் கை தாழ்த்துபவன். இவ்வளவையும் கிரேக்கரிடம் கற்கலாம். இவனுக்குத் தேவதை தாயாக வேண்டும் என்பதில்லை, பொற்கவசம் வேண்டும் என்பதில்லை என்பதை மட்டும் நம் தோட்டங்களிடம்தான் கற்க வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, எஞ்சியிருக்கும் முதியவர் ஒருவரை அணுகி உட்காருங்கள். அவர் தந்தையின் பெயரைக் கேளுங்கள். அவர் எந்தத் தோட்டத்தில் எந்த நிரை வெட்டினார் என்று கேளுங்கள். எப்போதாவது ‘முடியாது’ என்று சொன்னாரா என்று கேளுங்கள். சொன்னார் என்றால், எழுதி வையுங்கள். ஹோமர் தெர்சிட்டீசின் தந்தை பெயரை விட்டுவிட்டார். நாமும் விட்டுவிட வேண்டா.